ஆண்களைக் கவுன்சலிங்கில் தக்கவைப்பது எப்படி: கோவையில் இரண்டு நாள் பயிற்சி, போய் வந்து நான்கு மாதம் கழித்து எழுதுவது

போகலாமா வேண்டாமா என்பதை மட்டும் தெரிந்துகொள்ள வந்தவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போகலாம். கட்டணம் 4,500 ரூபாய், சனி ஞாயிறு இரண்டு நாள், மதியச் சாப்பாடு அவர்களே தருகிறார்கள். ஆனால் பணம் கட்டுவதற்கு முன் சில விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டு கட்டுங்கள், அதைக் கீழே எழுதியிருக்கிறேன். நடத்தியவர்களின் பெயரைப் போடவில்லை. குறைகளையும் சொல்லப் போகிறேன், அவற்றை அவர்களிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன், அது போதும்.

நான் திருப்பூரில் 9 வருடமாகக் கவுன்சலிங் செய்கிறேன். ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறை, அவ்வளவுதான் இடம். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். ஆண்கள் வருவார்கள், வரமாட்டார்கள் என்றில்லை, ஆனால் ஒரு தடவை வந்துவிட்டுப் போனால் போனதுதான். பைக் சாவியைக் கையை விட்டுக் கீழே வைக்காமல், மடியில் ஹெல்மெட்டோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "வூட்ல சொன்னாங்க, அதான் வந்தனுங்க மேடம், மத்தபடி எனக்கு ஒண்ணுமில்லீங்க" என்பார்கள். நானும் பக்குவமாகக் கேட்டுப் பார்ப்பேன். முக்கால் மணி நேரம் முடிந்ததும் "சரிங்க, வர்றேனுங்க" என்று போனால் அடுத்த வாரம் போனை எடுக்க மாட்டார்கள். இத்தனை வருடமும் இதை நான் ஆண்களின் குணம் என்றே நினைத்து வைத்திருந்தேன். அவர்கள் பேச மாட்டார்கள், நாம் என்ன செய்ய முடியும் என்று.

பயிற்சிக்கு வருவதற்கு முன் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். கடைசியாக வந்த 20 ஆண்களின் ஃபைலை எடுத்து, அதில் எத்தனை பேர் இரண்டாவது முறை வந்தார்கள், எத்தனை பேர் நான்காவது முறை வந்தார்கள் என்று எண்ணிக்கொண்டு வர வேண்டும். நான் எண்ணினேன். 13 பேர் திரும்பி வரவேயில்லை. நான்காவது செஷன் வரை வந்தவர்கள் 3 பேர். தெரிந்த விஷயம்தான், ஆனால் காகிதத்தில் எண்ணாக எழுதிப் பார்த்தபோது எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்த 13 பேரில் இரண்டு மூன்று பேரின் முகம் இன்னும் நினைவிருக்கிறது.

முதல் நாள் காலை வேறு எதுவும் பேசாமல் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்கைத் திரையில் போட்டார்கள். அந்த வருடம் இந்தியாவில் தற்கொலையில் இறந்தவர்கள் 1,70,924 பேர். அதில் ஆண்கள் 1,22,724. தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர், மகாராஷ்டிரத்துக்கு அடுத்து நாம்தான். அப்புறம் அறையில் இருந்த எல்லோரையும் தங்கள் ஃபைல் கணக்கைச் சொல்லச் சொன்னார்கள். இறந்தவர்களில் 100-க்கு 72 பேர் ஆண்கள், நம் அறைகளில் வந்து உட்காருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் பெண்கள். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

பிறகு காட்லண்ட் கதையைச் சொன்னார்கள். சுவீடனில் இருக்கும் ஒரு தீவு அது. 1983, 84-இல் அங்கே இருந்த பொது மருத்துவர்கள் எல்லோருக்கும் மனச்சோர்வைக் கண்டுபிடிக்கவும் மருந்து கொடுக்கவும் பயிற்சி கொடுத்தார்கள். அதன்பின் தீவில் தற்கொலை நன்றாகவே குறைந்தது. ஆனால் பிரித்துப் பார்த்தால், குறைந்தது பெரும்பாலும் பெண்களிடம்தான், ஆண்களின் எண்ணிக்கை பெரிதாக அசையவில்லை. மருத்துவர்கள் கற்றுக்கொண்டது அழுகிற, சோர்ந்துபோகிற மனச்சோர்வை. ஆண்களிடம் அது எரிச்சலாக, குடியாக, வண்டியைக் கண்மண் தெரியாமல் ஓட்டுவதாக, ஓய்வே இல்லாத வேலையாக வெளிப்பட்டது, அதோடு அவர்கள் மருத்துவரிடம் போவதும் குறைவு. இதற்குப் பிறகுதான் ஆண்களுக்கென்றே காட்லண்ட் பேரில் ஒரு கேள்வித்தாள் வந்தது. மனச்சோர்வை அளக்க நாம் எல்லோரும் கையில் வைத்திருக்கும் பி.எச்.க்யூ-9 கேள்வித்தாளை எடுத்துப் பாருங்கள், ஒன்பது கேள்வியில் ஒன்றாவது கோபத்தைப் பற்றியோ குடியைப் பற்றியோ இருக்கிறதா? இல்லை. நான் வருடக்கணக்காக அந்தத் தாளைக் கொடுத்து, மொத்த மதிப்பெண் 5, 6 என்று வந்ததும் 'லேசானது' என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.

இந்தப் பயிற்சியின் உயிர் முதல் நாள் மதியம்தான். அதற்கு மட்டுமே 4,500 கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். பயிற்சியாளர்கள் இரண்டு பேர், ஒருவர் மனநல மருத்துவர், இன்னொருவர் போதை மறுவாழ்வில் பல வருடம் இருந்த சமூகப் பணியாளர். அந்தச் சமூகப் பணியாளர் 'வீட்டில் அனுப்பிவைத்த ஆண்' ஆகத் தானே நடித்தார். நாங்கள் ஒவ்வொருவராகப் போய் எதிரில் உட்கார்ந்து முதல் பத்து நிமிடத்தை நடத்த வேண்டும். என் முறை வந்தபோது என் வழக்கமான கேள்வியைத்தான் கேட்டேன், "இப்ப மனசுக்கு எப்படி இருக்கு, என்ன ஃபீல் பண்றீங்க?" அவர் "நல்லாத்தான் இருக்கு" என்றார். மறுபடி கேட்டேன், மறுபடி அதே பதில். மூன்றாவது தடவை அவர் கடிகாரத்தைப் பார்த்தார். என் அறையில் நடப்பது அப்படியே அங்கேயும் நடந்தது, ஆனால் இந்த முறை 40 பேருக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் இடத்தை மாற்றி உட்கார்ந்து அவர் செய்து காட்டினார். முதலில், இங்கே என்ன நடக்கும் என்பதைச் சொன்னார், அதாவது எத்தனை தடவை வர வேண்டியிருக்கலாம், ஒரு தடவைக்கு எவ்வளவு நேரம், எவ்வளவு பணம், பேசுவது யாருக்குப் போகும் யாருக்குப் போகாது, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் யாரிடம் சொல்ல வேண்டிவரும் என்பது வரை. ஒரு மெக்கானிக்கிடம் வண்டியை விடும்போதுகூட எப்ப கிடைக்கும், எவ்வளவு ஆகும் என்று கேட்டுவிட்டுத்தானே விடுகிறோம், இங்கே மட்டும் ஏன் எதையும் சொல்லாமல் "பேசுங்க, பேசுங்க" என்கிறோம் என்று கேட்டார். இரண்டாவது, மனதைப் பற்றிக் கேட்கவேயில்லை. தூக்கத்தைப் பற்றிக் கேட்டார். "கடைசியா எப்பங்க நல்லா அசந்து தூங்குனீங்க?" என்று கேட்டதும் எதிரில் உட்கார்ந்திருந்த சேலத்துக்காரர், அவரும் எங்களைப் போல ஒரு ஆலோசகர்தான், நடிப்பதையே மறந்துவிட்டுத் தன் சொந்தப் பதிலைச் சொல்லத் தொடங்கிவிட்டார். அப்படியே தூக்கத்திலிருந்து வேலைக்கு, வேலையிலிருந்து பணத்துக்கு, பணத்திலிருந்து வீட்டுக்கு என்று வந்தது பேச்சு. இருபது நிமிடம் கழித்துத்தான் "இதையெல்லாம் யாருகிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?" என்றார்.

நாற்காலியை நேருக்கு நேர் போடாமல் சற்றுக் கோணலாகப் போடுவது, கண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்காமல் நடுவில் ஒரு காகிதத்தில் சேர்ந்து எதையாவது எழுதுவது அல்லது வரைவது, முதல் செஷன் முடியும்போது கையில் கொண்டுபோக ஒரு சின்ன வேலையாவது கொடுப்பது, இதெல்லாமும் சொன்னார்கள். கேட்கும்போது சாதாரணமாகத் தெரியும். எனக்கு அதிகம் பயன்பட்டது இவைதான்.

கோவாவில் சங்கத் என்ற மனநலத் தொண்டு அமைப்பு செய்த வேலையையும் விளக்கினார்கள், இதை நம் ஆட்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அளவுக்கு மீறிக் குடிக்கும் ஆண்களுக்கு, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே, மனநலப் படிப்பு எதுவும் படிக்காத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து அவர்களை வைத்தே கவுன்சலிங் நடத்தினார்கள். அதிகபட்சம் நான்கு செஷன்தான். 377 ஆண்களை வைத்து நடந்த ஆய்வு, 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 26 சதவீதம் பேர் அபாயமான குடியிலிருந்து வெளியே வந்திருந்தார்கள், கவுன்சலிங்கும் கிடைத்தவர்களில் 36 சதவீதம் பேர். பெரிய பட்டம் இல்லாதவர்கள் நம் நாட்டு ஆண்களோடு உட்கார்ந்து இதைச் செய்திருக்கிறார்கள். 'நம்ம ஊர் ஆம்பளைங்க பேச மாட்டாங்க' என்ற என் வாதம் அங்கேயே முடிந்துபோனது.

ஆஸ்திரேலியாவில் ஆண்களின் உடல்நலம், மனநலத்துக்காக இயங்கும் மொவெம்பர் அமைப்பு, 2003-இல் மெல்பர்னில் மீசை வளர்ப்பதில் தொடங்கிய அதே இயக்கம்தான், ஆலோசகர்களுக்காக 'மென் இன் மைன்ட்' என்று ஆன்லைனில் ஐந்து பாகமாக ஒரு பயிற்சி நடத்துகிறது. அதைப் பற்றியும் சொன்னார்கள். அதை எடுத்தவர்களுக்குத் தங்கள் திறமை கூடியிருப்பதாகத் தோன்றியது என்று ஒப்பீட்டு ஆய்வு காட்டியிருக்கிறது. எனக்கு இதில் ஒரு சந்தேகம் உண்டு, அதைக் கேட்கவும் செய்தேன். திறமை கூடியது என்று சொல்வது ஆலோசகர்களே, அவர்களிடம் வந்த ஆண்கள் என்ன சொன்னார்கள் என்பதல்லவா முக்கியம்? மருத்துவர் அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்காமல், நியாயமான கேள்வி என்று ஒத்துக்கொண்டார். நீங்களும் வீட்டுக்குப் போனபின் எண்ணிக்கொண்டே இருங்கள் என்றார். அதனால்தான் நான்கு மாதம் காத்திருந்து இதை எழுதுகிறேன்.

இரண்டாம் நாள் காலை, ஒரு ஆண் உங்கள் அறைக்குள் நுழையும்போது மனதில் எழும் மூன்று சொற்களை எழுதுங்கள் என்றார்கள், பெயர் போடத் தேவையில்லை. நான் எழுதியது: பிடிவாதம், குடி, பயம். பயம் அவர்களுடையது அல்ல, என்னுடையது. தனி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, கோபத்தோடு இருக்கும் ஒரு ஆணோடு உட்காருவது பெண் ஆலோசகருக்கு எப்படி இருக்கும் என்பதை முதல்முறையாக ஒரு பயிற்சியில் வெளிப்படையாகப் பேசினார்கள். அதற்கு அவர்களுக்கு நன்றி. அதே சமயம், இந்த மூன்று சொற்களோடு நான் கதவைத் திறந்தால் உள்ளே வருகிறவருக்கு அது என் முகத்திலேயே தெரியும் என்பதும் உண்மை. எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. நெஞ்சு படபடப்பு என்று மூன்று டாக்டரிடம் போய், மூன்று ஈ.சி.ஜி. எடுத்து, ஒன்றுமில்லை என்று வந்த மனிதர். தறியை விற்ற வருடம் அது. வீட்டில் நாங்கள் யாருமே அதை இதோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று சுற்றிவளைக்காமல் நேராகக் கேட்பது எப்படி என்பதையும் நன்றாகப் பழக்கினார்கள். கேட்டால் நாமே எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்ற பயம் நம்மில் பலருக்கு இருக்கிறது, அது தேவையில்லாத பயம். 14416 என்ற டெலி மனாஸ் எண்ணை, அரசின் மனநல உதவி எண் அது, வெறுமனே எழுதிக் கொடுக்காமல், அவர் எதிரிலேயே ஒருமுறை அழைத்துக் காட்டச் சொன்னார்கள். இது எனக்குத் தோன்றாத யோசனை.

இனி குறைகள். எல்லா ஸ்லைடும் ஆங்கிலத்தில். ரோல் பிளேயின், அதாவது நடித்துப் பழகியதன், பாதி ஆங்கிலத்தில். எடுத்துக்காட்டாக வந்த ஆண்கள் பெரும்பாலும் ஐ.டி. கம்பெனிக்காரர்கள். முதல் நாள் காட்டிய அதே கணக்கில், இறந்தவர்களில் 26 சதவீதத்துக்கு மேல் தினக்கூலிகள் என்றும் இருக்கிறது, அந்த வரியை யாரும் வாய்விட்டுப் படிக்கவில்லை. என்னிடம் வருகிறவர் பனியன் கம்பெனியில் பவர் டேபிள் மெஷினில் தைக்கிறவர், கட்டிங் மாஸ்டர், பத்து மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுத்துக் கடனில் மாட்டியவர். அவர்களிடம் 'எமோஷன் வீல்' என்று உணர்ச்சிகளின் பெயர் எழுதிய வண்ணச் சக்கரத்தை நீட்டினால் என்ன செய்வார்கள்? நம் ஆண்களுக்கு உணர்ச்சியைச் சொல்லத் தெரியாது என்று ஒரு ஸ்லைடு சொன்னது. எனக்கு அது கோபத்தையே தந்தது. சொல்லத் தெரியாமல் இல்லை, நமக்குத்தான் கேட்டுப் பழக்கமில்லை. டீ இடைவேளையில் நானும் சேலத்துக்காரரும் தேனியிலிருந்து வந்த ஒரு அக்காவும் உட்கார்ந்து, எங்களிடம் வரும் ஆண்கள் உண்மையில் என்ன சொல்கிறார்கள் என்று எழுதிப் பார்த்தோம். நெஞ்ச அடைக்குது. தலை பாரமா இருக்கு. எதைப் பார்த்தாலும் எரிச்சலா வருது. வெறுத்துப்போச்சு. நாலு பேருக்கு முன்னாடி தலை நிமிர்ந்து நடக்க முடியல. சோறு இறங்கல. எங்கயாவது போயிரலாமான்னு இருக்கு. பதினைந்தே நிமிடத்தில் ஒரு பக்கம் நிரம்பிவிட்டது. 'எங்கயாவது போயிரலாம்' என்பதை நான் பல தடவை வெளியூர்ப் பேச்சாகவே கேட்டுவிட்டிருக்கிறேன், இப்போது அங்கே நிறுத்தி, எங்கே போகலாம்னு தோணுது என்று கேட்கிறேன்.

'நரம்புத் தளர்ச்சி' என்ற சொல் இரண்டு நாளில் ஒரு தடவைகூட வரவில்லை. தமிழ்நாட்டில் ஒரு ஆண் மனச்சோர்வு, பதற்றம், தூக்கமின்மை, தாம்பத்தியச் சிக்கல் என எதைச் சொல்ல வந்தாலும் முதலில் எடுக்கும் சொல் அதுதான். லாட்ஜில் முகாம் போடும் வைத்தியர்களுக்கு இது தெரிந்திருக்கிறது, நமக்குப் பயிற்சி கொடுப்பவர்களுக்குத் தெரியவில்லை.

இன்னும் பெரிய குறை, மனைவியை அடிக்கும் ஆணைப் பற்றிய பகுதி. அதற்கு ஒதுக்கியது 40 நிமிடம், இரண்டாம் நாள் கடைசியில், பாதிப் பேர் பஸ்ஸுக்குக் கிளம்பும் நேரத்தில். ஆணின் வலியைப் புரிந்துகொள் என்று ஒன்றரை நாள் சொல்லிவிட்டு இதை அவசரமாக முடித்தால் ஆபத்து. அவர் கதையைக் கேட்டு மனம் இளகி, வீட்டில் அந்தப் பெண் பத்திரமாக இருக்கிறாரா என்பதை விசாரிக்கத் தவறிவிடுவோம். அந்தப் பெண்ணைத் தனியாகச் சந்திப்பது, 181 பெண்கள் உதவி எண், 2005-ஆம் வருடக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், எப்போது இருவரையும் சேர்த்து உட்காரவைக்கவே கூடாது என்பது, இதற்கெல்லாம் தனியாக அரை நாள் வேண்டும். தன்பால் ஈர்ப்புள்ள ஆண்கள், திருநம்பிகள் பற்றி ஒரு வரிகூட இல்லை, கேட்டபோது அடுத்த முறை சேர்க்கிறோம் என்றார்கள்.

46 பேரை ஒரே அறையில் சேர்த்தது அதிகம், பாதிப் பேருக்கு ரோல் பிளே கிடைக்கவில்லை. மாதம் ஒருமுறை ஆன்லைனில் கேஸ் பற்றிக் கலந்துபேசலாம் என்று வாக்குக் கொடுத்தார்கள், இதுவரை நடந்தது ஒன்றே ஒன்று. சாப்பாடு நன்றாக இருந்தது. சான்றிதழ் உடனே தந்தார்கள்.

வந்தபின் நான் செய்த மாற்றங்களைச் சொல்கிறேன். முதலில் நேரம். இங்கே ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்குப் போய் ராத்திரி எட்டரைக்குத்தான் வெளியே வருவார்கள். நான் சாயங்காலம் ஆறு மணிக்கு மையத்தைப் பூட்டிவிட்டு, ஆண்கள் வரமாட்டேன் என்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். இப்போது ஞாயிறு காலை 10 முதல் 1 வரை திறக்கிறேன். சனிக்கிழமை சம்பளம் வாங்கிய மறுநாள், கையில் காசும் இருக்கும். வெளிப் பலகையில் 'மனநல ஆலோசனை' என்பதற்குக் கீழே 'தூக்கமின்மை, டென்ஷன், குடி, கடன் நெருக்கடி, வீட்டுப் பிரச்சினை: பேசலாம் வாங்க' என்று எழுதிவைத்தேன். முதல் செஷன் முடிந்து மூன்றாம் நாள் ஒரு குரல் செய்தி அனுப்புகிறேன், தூக்கம் எப்படி இருக்கிறது என்று கேட்டு.

இந்த நான்கு மாதத்தில் புதிதாக வந்த ஆண்கள் 17 பேர். இரண்டாம் முறை வந்தவர்கள் 11. நான்காவது வரை 6. ஒரு சின்ன மையத்தின் கணக்கு இது, இதை வைத்துப் பெரிதாக எதையும் நிரூபிக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை திறந்ததாலும் கூடியிருக்கலாம். ஆனால் அந்த 11 பேரும் எனக்கு வெறும் எண் அல்ல. அதில் ஒருவரை, அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் எழுதுகிறேன், நரம்புத் தளர்ச்சி என்று சொல்லித்தான் வந்தார். மனதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை நான். மூன்று வாரம் தூக்கத்தைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் மட்டுமே பேசினோம். நான்காவது வாரம், ஆர்டர் ரத்தானதையும் மச்சானிடம் வாங்கிய பணத்தையும் சொல்லி, "பொண்டாட்டி நகை அடகுல இருக்கறது அவளுக்கே தெரியாதுங்க" என்றார். அன்றுதான் கவனித்தேன், ஹெல்மெட்டை வெளியே செருப்புப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்திருந்தார்.

சேரப் போகிறவர்கள் கேட்க வேண்டியவை: எத்தனை பேரைச் சேர்க்கிறார்கள், 25-க்கு மேல் என்றால் அடுத்த குழுவுக்குக் காத்திருங்கள். ரோல் பிளே தமிழில் உண்டா. வீட்டு வன்முறைக்கு எவ்வளவு நேரம். பிறகு கலந்துபேசும் கூட்டத்துக்குத் தேதி குறித்துத் தருவார்களா, வாய்வார்த்தையாக அல்ல, அட்டவணையாக. எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப் பணிப் படிப்பை முடித்துப் புதிதாக வேலைக்கு வந்தவர்கள், போதை மறுவாழ்வு மையத்தில் இருப்பவர்கள், பள்ளி கல்லூரி ஆலோசகர்கள் கண்டிப்பாகப் போகலாம். ஏற்கெனவே ஆண்களோடு மட்டுமே பல வருடம் வேலை செய்தவர்களுக்கு முதல் நாள் மதியம் தவிர மற்றதில் புதிதாக அதிகம் இருக்காது.

நாங்கள் மூன்று பேர் எழுதிய அந்தப் பக்கம் இப்போது ஏழு பக்கமாகிவிட்டது, தேனி அக்கா வாரம் ஒன்றிரண்டு சேர்த்து அனுப்புகிறார். உங்கள் ஊரில் உங்களிடம் வரும் ஆண்கள் எந்த வார்த்தையைச் சொல்கிறார்கள் என்று கீழே எழுதுங்கள், ஆள் யார் என்பது தெரியாமல் வார்த்தையை மட்டும். அடுத்த பயிற்சிக்கு அதைத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன், அவர்களும் அதை வைத்து ஒரு மணி நேரம் நடத்த ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.